மூக்கில் பூ வைத்த முதலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார்: "அந்தக் காலத்துப் பெரியவர்கள் எது செய்தாலும் நம் நல்லதுக்குத்தான் செய்தார்கள்." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழங்கால் வலிக்கிற வயது வந்துவிட்டால் எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? நான் மன்னிக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு, நல்லதுக்குத்தான் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

விஷயம் ஒரு கார். என் அத்தை செய்த கார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குத் தாவணி போடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பாவாடை சட்டையே போதுமா என்று வீட்டில் பேச்சு அடிபட்ட வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. கூட்டுக் குடும்பம். பெரியப்பா சொன்னதுதான் சட்டம். அப்பா அதற்குத் தலையாட்டுவார். அத்தை அப்பாவுக்குத் தங்கை. டிப்ளமோ படித்துவிட்டு கிண்டியில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தாள். மிஷின் பாகங்களைத் தாளில் வரைகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பின்னலில் பென்சில் செருகியிருக்கும், எடுக்க மறந்திருப்பாள். கல்யாணம் ஆகவில்லை. அவள் வயதுப் பெண்களைப் பற்றி அப்போது வாரப் பத்திரிகைகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி படம் போட்டு அழுகைக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்கள். என் அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

லஸ் முனை பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் அவளுக்கு ஒரு வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகை கிடைத்தது. அட்டை இல்லை, பாதிப் பக்கங்கள் இல்லை. ஆனால் நடுவில் ஒரு படம் முழுசாக இருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஓடிய பந்தயக் கார். இரண்டே சீட், கூரை கிடையாது. வண்டியில் பாதி நீளம் மூக்குதான். அந்தப் படத்தை அத்தை தன் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். மற்றவர்கள் அந்த இடத்தில் முருகனை ஒட்டுவார்கள்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தாத்தா விட்டுப்போன பழைய ஹெரால்டு கார் ஒன்று நின்றிருந்தது. தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. கூரைமேல் வடாம் காயும். ஒருநாள் அத்தை பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, அப்பாவோட கார் சும்மாத்தானே கெடக்கு. நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துண்டு?"

"மேல் ஒடம்பை எடுத்துட்டு இந்த மாதிரி பண்ணப் போறேன்." படத்தை நீட்டினாள்.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "கூரையே இல்லையேடி. மழை பெஞ்சா?"

"நனையும்."

பெரியப்பா சிரித்தார் என்றுதான் நினைவு. அவருக்கு அது விளையாட்டு. நாலு வாரத்தில் அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டார். அதோடு தன் காரியத்தையும் சேர்த்துக்கொண்டார். "சரி. ஒரு ஞாயித்துக்கிழமை நீ கார் பண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை பொண் பாக்க வரவா முன்னாடி வந்து உக்காரு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது. சம்மதமா?"

அத்தை சம்மதித்தாள். அப்படித்தான் அந்தக் கோடை ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு தகரம், மறு ஞாயிறு பஜ்ஜி சொஜ்ஜி.

மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் டிங்கர் பாயின் ஷெட் இருந்தது. இடித்த காரை ஒடுக்கு எடுத்து பெயிண்ட் அடிக்கிற இடம். கல்யாணமாகாத பெண் அங்கே தனியாகப் போகக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அவளுக்கு நான் துணையாம்! எனக்குப் பேன் பார்க்கவே ஆள் வேண்டும்.

பாய் முதலில் படத்தையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். "இன்னாமா இது, காரா? முதலை மாரி கீது."

"முதலைதான் பாய். பண்ண முடியுமா?"

"யானையே வேணும்னாலும் பண்லாம். தகரத்துக்கு இன்னா தெரியும்? ஆனா படத்துல ஒரு பக்கம்தான் கீது. பின்னாடி எப்டி இருக்கும்?"

உண்மைதான். படம் பக்கவாட்டில் எடுத்தது. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள மெட்ராசில் ஆளும் இல்லை. அத்தை பின்னலிலிருந்து பென்சிலை உருவினாள். "முன்னாடி இங்கிலீஷ்காரன் பண்ணினது. பின்னாடி நான் பண்றேன்" என்றாள்.

பாய் அடித்த முதல் பின்பக்கம் கல்யாண மண்டபத்து அண்டாவைக் கவிழ்த்தது மாதிரி வந்தது. அவரே தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இதுல சாம்பார் வெக்கலாம்மா" என்றார். பிரித்துப் போட்டார்கள். அடுத்த ஞாயிறு அத்தை வீட்டிலிருந்து எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குடத்தின் இடுப்பிலிருந்து அடிவரை போகிற வளைவை அட்டையில் வரைந்து, அதைப் பெரிதாக்கி, தகரத்தை அதற்கு வளைத்தார்கள். வீட்டில் பெரியம்மா குடத்தைக் காணோம் என்று வேலைக்காரம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். சமீபத்தில் என் போனில் அந்த இங்கிலீஷ் காரைத் தேடி அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். எங்களுடையதுதான் நன்றாக இருந்தது. சும்மா சொல்லவில்லை.

இன்னும் சொல்கிறேன். காரின் வாயில் பற்கள் மாதிரி நிற்குமே செங்குத்துக் கம்பிகள், அது ரங்கநாதன் தெருவில் வாங்கிய தட்டு ஸ்டாண்டு. ஸ்டியரிங் வழுக்குகிறது என்று அதற்குச் சிவப்புப் பிளாஸ்டிக் ஒயர் சுற்றினோம். அப்போது வீட்டுக்கு வீடு கூடை பின்னுவார்களே, அதே ஒயர். அதைச் சுற்றியது நான். சிவன்கண் முடிச்சு வேண்டாம், கை உறுத்தும், வழவழ என்று இழுத்துச் சுற்று என்று அத்தை சொன்னாள். பட்டி தடவி, தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. பட்டித் தூள் தலையெல்லாம் படிந்து இரண்டு பேரும் கிழவிகள் மாதிரி வீட்டுக்கு வருவோம். அந்தத் தின்னர் வாசனை இருக்கிறதே, மூக்கைப் பிடுங்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கதவுக்கு பெயிண்ட் அடித்தால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன்.

மறு ஞாயிறுகளில் வந்தவர்களைப் பற்றி எழுதினால் கை கூசும். ஒருவர் அத்தையின் கையைப் பார்த்து, "என்ன, நகத்துல கறுப்பு?" என்று கேட்டார். பெரியம்மா அவசரமாக "மருதாணி" என்றாள். கறுப்பு மருதாணி!

மாம்பலத்திலிருந்து வந்த ஒருத்தர்மட்டும் வேறு மாதிரி. பாங்க் வேலை. அவருடைய அம்மா, "பாடுவாளா?" என்று கேட்டாள். அவர் அதை விட்டுவிட்டு, "கார் பண்றேளாமே?" என்றார். பெரியப்பாவின் முகம் வெளுத்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அந்த மனிதர் ஸ்கூட்டரில் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

பாய் விடவில்லை. "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தியா, வண்டி பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான் பாய்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். வேற வேறயா பாக்காத."

அவர் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து தாள் போட்டுத் தேய்த்தார். நன்றாகத் தேய்க்க வரவில்லை; அத்தை அவர் கையிலிருந்து தாளை வாங்கி எப்படித் தேய்ப்பது என்று காட்டினாள். இருட்டுவதற்கு முன் கிளம்பும்போது கேட்டார்: "ஒருநாள் என்னை ஏத்திண்டு போவேளா?"

"கல்யாணத்துக்கு அப்புறம். மகாபலிபுரம்."

"நீங்கதானே ஓட்டுவேள்?"

"பின்னே? என் வண்டி."

அன்று இரவு அத்தை வீட்டில் "சரி" என்று சொன்னாள். கவனியுங்கள், அவள் அந்த மனிதருக்குச் சரி சொன்னதே அந்தக் காரை வைத்துத்தான். காரை விட்டுவிட்டு வா என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணமே கிடையாது.

கார் முடிந்தது மார்கழியில். கரும்பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அத்தை என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தெருவெல்லாம் கோலம். கோலத்தை மிதிக்காமல் வளைத்து வளைத்து ஓட்டினாள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்கள். வண்டி அவ்வளவு தாழ்வு. எனக்குப் பக்கத்தில் போன சைக்கிளின் பெடல் கண் உயரத்தில் தெரிந்தது.

அடையாறு சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். "இன்னாம்மா, ஷூட்டிங்கா?"

"இல்ல சார். சொந்த வண்டி."

"கேமரா எங்க கீது?"

"கேமரா இல்ல சார்."

"சும்மா சொல்லாத. ஈரோ எங்க?"

அத்தை என்னைக் காட்டினாள். போலீஸ்காரர் என் எண்ணெய் வழிந்த தலையைப் பார்த்து, "படம் ஓடாது" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதுதான் அத்தை டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டை அளக்கிற முள்ளைக் காட்டினாள். நிற்கிற நேரத்துக்கெல்லாம் அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? ரேடியேட்டர் மூக்குக்குள்ள இருக்கு. மூக்கு வழியாத்தான் காத்து வரணும். நிக்க வெச்சா இதுக்குக் கொதிக்கும். ஓடிண்டே இருந்தா ஒண்ணும் பண்ணாது."

சிக்னல் விழுந்தது. பாலவாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்பு வரை போனோம். அப்போது அந்தச் சாலையில் இத்தனை வீடு கிடையாது, ஒரு பக்கம் முழுக்க மணல். உப்புக் காற்று நேரே முகத்தில் அடித்தது. முள் இறங்கிச் சாதுவாக உட்கார்ந்துகொண்டது. அத்தையின் பின்னல் அவிழ்ந்து என் முகத்தில் அறைந்தது. அவள் அதைக் கட்டவில்லை. எதிர்க்காற்றில் ஏதோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் முகம்மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த முகத்தை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

கல்யாணம் தையில். இப்போதுதான் பெரியப்பாவுக்கு அந்தக் காரின்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம் உண்டு. மாப்பிள்ளைக்கு சூட் போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாகஸ்வரம் முன்னால் வாசித்துக்கொண்டு போக, கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். திறந்த காரை வாடகைக்கு எடுப்பார்கள். பெரியப்பா சம்பந்தியிடம் பெருமையடித்துக்கொண்டார்: "வாடகைக் கார் எதுக்கு? நம்மாத்துலயே இருக்கே. நான் பக்கத்துல இருந்து பண்ண வெச்சேன்."

ஷெட் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அத்தை சொல்லிப் பார்த்தாள். "அண்ணா, அது ஊர்வலத்துக்கு ஆகாது. நடக்கற வேகத்துல போனா கொதிச்சுடும்."

"கல்யாணப் பொண்ணு காரைப் பத்தியா பேசுவா? போய் மருதாணி இட்டுக்கோ."

ஜானவாசத்தன்று அத்தை மண்டபத்து அறையில் அடைபட்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "ஓடிப் போய் சொல்லு. வண்டி முழுக்கப் பூ வெச்சுக்கட்டும். மூக்குல மட்டும் வேண்டாம். காத்து போகணும்" என்றாள். நான் ஓடினேன். கோயில் வாசலில் பூக்காரர் ஈரச் சாக்கை விரித்து மல்லிகையை அள்ளிக்கொண்டிருந்தார். பெரியப்பாவிடம் சொன்னேன், வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"கல்யாணக் கார் மூக்கு மூளியா நிக்கணுமா? பாக்கறவா என்ன சொல்லுவா?" என்றார். "நன்னா நெருக்கமாக் கட்டுங்கோ."

தட்டு ஸ்டாண்டுக் கம்பி ஒன்றுகூட வெளியே தெரியாதபடி மல்லிகையும் சம்பங்கியும் திரை மாதிரி கட்டினார்கள். நடுவில் ரோஜாவில் ஒரு பெரிய வட்டம், மூக்குத்தி. முதலைக்கு மூக்குத்தி. அத்தையின் தம்பி, என் சித்தப்பா, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்பக்கத்து மேட்டில், அத்தையின் குட வளைவுமேல் கம்பளம் போட்டு உட்கார்ந்தார். என்னோடு இன்னும் இரண்டு மூன்று வாண்டுகளை முன் சீட்டில் திணித்தார்கள். தலையில் டியூப்லைட் தூக்கினவர்கள் இரண்டு பக்கமும். ஊர்வலம் கிளம்பியது.

ஆளுக்கு ஆள் நிறுத்திக் கை கொடுத்தார்கள். நாகஸ்வரக்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று நிதானமாக வாசித்தார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, ஏறறது" என்றேன். "சும்மா இரு" என்றார். மறுபடி சொன்னேன். தலையில் குட்டினார்.

முதலில் வாசனைதான் வந்தது. வெந்த மல்லிகை. யாரும் முகர்ந்திருக்க மாட்டீர்கள். ஆரம்பத்தில் தித்திப்பாக இருக்கும். அப்புறம் கீரை வேகிற மாதிரி. அப்புறம் குமட்டும். பிறகு பூத்திரைக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. புஸ் என்று துரு நிறத் தண்ணீர் பூவையெல்லாம் நனைத்துக்கொண்டு ஊற்றியது. வண்டி குலுங்கி நின்றது. நாகஸ்வரம் பாதியில் நின்றது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "அபசகுனம்" என்று தெளிவாகச் சொன்னார். அது எங்கள் பக்கத்துக் கிழவர். நன்றாகத் தெரியும்.

தள்ளலாம் என்றார்கள். மாப்பிள்ளையை வைத்துத் தள்ளலாமா என்று சண்டை. அதற்குள் தெருக்கோடி மண்டபத்திலிருந்து அத்தை வந்துவிட்டாள். நாகஸ்வரம் நின்றதுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொலுசு சத்தத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மூக்குத்தியோடு சேர்த்து அந்தப் பூத்திரை முழுவதையும் இரண்டு கையாலும் பிய்த்துத் தரையில் போட்டாள்.

"மூச்சு முட்டறது! இத்தனை பேர் நிக்கறேளே, ஒருத்தருக்குமா தெரியலை?"

 பூக்காரரின் ஈரச் சாக்கைக் கேட்டு வாங்கி, சூடு கொஞ்சம் தணியும்வரை நின்று, சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினாள். நான் பக்கத்து வீட்டு அடிபம்பில் குடம் குடமாகத் தண்ணீர் அடித்தேன். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "இறங்கு" என்றாள். சித்தப்பா இறங்கினார். மற்ற வாண்டுகளும் பயந்து இறங்கின. நான் இறங்கவில்லை.

மாப்பிள்ளை கீழே நின்றுகொண்டிருந்தார். சூட்டெல்லாம் துருத் தண்ணீர். "நானும் ஏறட்டுமா?" என்றார்.

"நீங்க இல்லாம என்ன ஜானவாசம்? நன்னாப் பிடிச்சுக்கோங்கோ. காத்து காட்டினாத்தான் இது அடங்கும்."

நாகஸ்வரத்தை, டியூப்லைட்டை, பெரியப்பாவை, எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு நாலு மாடவீதியையும் ஒரு சுற்று சுற்றினாள். குளத்தைச் சுற்றிக் கார் பறந்தது. கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை டையை அவிழ்த்துக் காற்றில் பிடித்துக்கொண்டு கத்தினார். அத்தை சிரித்தாள். சவுக்குத் தோப்பில் பார்த்த அதே முகம். அந்த ஒரே ஒரு முறை இதுதான்.

மண்டப வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கள் பக்கத்து முகங்கள் எல்லாம் இழவு வீட்டு முகங்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் படியில் நின்றபடி, "என்னடா, நன்னாக் காத்து வாங்கிண்டு வந்தியா?" என்று கேட்டார். அதை நான் என் காதால் கேட்டேன். அந்த வயதில் அதற்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை பெரியவர்கள் கேட்டார்களே, அவர்களுக்குமா தெரியவில்லை?

மறுநாள் காலை மண்டபத்து முற்றத்தில் கார் இல்லை. சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அத்தைக்குப் பெரியம்மா பின்னல் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நான் ஊசி நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இதோ பாரு. அந்தக் கார் இனிமே கிடையாது. காலம்பறவே புதுப்பேட்டைக்கு அறுக்கத் தூக்கி அனுப்பியாச்சு. அவாத்துல சொல்லிட்டா, அது இனிமே கண்ணுல படப்படாதுன்னு."

அத்தை திரும்பவில்லை. தலைதான் பெரியம்மா கையில் இருந்ததே. கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள். "யார் சொன்னா?"

"மாப்பிள்ளைதான்."

"அவரேவா?"

"அவரேதான். நேத்திக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சார்னா, அது மரியாதைக்கு. உள்ளுக்குள்ள அவமானமா இருக்காதா? நான் கால்ல விழாத குறையா கெஞ்சி இந்த முகூர்த்தத்தைக் காப்பாத்தியிருக்கேன். நீ வாயைத் திறந்து கெடுத்துடாதே."

வெளியே கெட்டிமேளத்துக்கு வந்தவர்கள் தவிலை இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. அத்தை ரொம்ப நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம், "முடிச்சுடு" என்றாள். ஊஞ்சலில் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் என்ன அடக்கம் என்றார்கள்.

டிங்கர் பாய் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் பெரிய பொட்டலம். காருக்கு அவரே கான்வாஸ் துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. மூக்கு நீளத்துக்குத் தனியாக இழுத்துத் தைத்திருந்தார். "வண்டி எங்கமா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

புதுப்பேட்டையில் கடை கடையாகத் தேடியிருக்கிறார். அவர் போய்ச் சேருவதற்குள் அறுத்துவிட்டார்கள். பின்பக்கத்துத் தகரம் மட்டும் கிடைத்திருக்கிறது, அந்தக் குட வளைவு. "மூக்கு போய்ட்ச்சு. உங்க அத்தை பண்ணதுதான் மிச்சம் கீது" என்று சுவரில் மாட்டி வைத்திருந்தார். எந்தப் பத்திரிகையிலும் இல்லாத பின்பக்கம். பிறகு அந்தச் சந்தில் அடுக்குமாடி வந்தது. ஷெட்டும் போனது, பாயும் போனார். கார் உறை எங்கள் வீட்டில்தான் கிடந்தது. மழைக்காலத்தில் அரிசி மூட்டைமேல் போட்டு மூடுவார்கள். மூக்குத் துணி தரையில் தொங்கும்.

அத்தை அடையாறில் குடித்தனம் நடத்தினாள். அத்திம்பேர், அந்த மாம்பலத்து மாப்பிள்ளைதான், கெட்டவர் இல்லை. அதட்டினதில்லை. கொஞ்ச வருஷத்தில் கார் வாங்கினார். சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை டிவி மேல் வைத்துவிட்டு, "எனக்கு ஓட்டத் தெரியாது" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். அவர் முகம் சுருங்கியது. அப்புறம் அவர் கொடுக்கவில்லை. அவர் ஓட்டுவார், அவள் பின் சீட்டில் உட்காருவாள். முன் சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை. மகாபலிபுரம் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். போனதே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டு வந்தார்கள். என் கோபமெல்லாம் அத்திம்பேர்மேல்தான் இருந்தது. சட்டையோடு உட்கார்ந்து தாள் தேய்த்தாயே, எல்லாம் நடிப்பா என்று பல வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருஷம் பெரியப்பா போனார். நிறைந்த வயது. பதின்மூன்றாம் நாள், தீட்டுக் கழிந்து சுப விருந்து. கூடத்தில் அவர் படத்துக்குக் கெட்டியான ரோஜா மாலை. ஆண்கள் பந்தி நடந்துகொண்டிருந்தது. நானும் அத்தையும் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். அத்திம்பேர் பாயசத்தை வழித்துக்கொண்டே என் அப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"பெரியவர் ஒரே ஒரு காரியத்துல அவசரப்பட்டுட்டார். அந்தக் கார். எங்கப்பா மறுநாள் காலம்பற அதுல ஒரு ரவுண்டு போகணும்னு ஆசையா வந்து கேட்டார். பெரியவர் உடனே, பொண்ணே வேண்டாம்னு வித்துடச் சொல்லிட்டா, இனிமே குடும்பம்தான் பெரிசுன்னுட்டான்னார். நான் என்ன சொல்றது? அவளுக்கே வேண்டாம்னா..."

என் அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தெரியும். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தை தூணை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். "நானா சொன்னேன்?"

அத்திம்பேர் நிமிர்ந்தார். "உங்கண்ணாதானே சொன்னார், நீ சொன்னேன்னு."

"நீங்க சொன்னேள்னு என்கிட்ட சொன்னார்."

பாயச வாளியோடு வந்தவன் அப்படியே நின்றான். அந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள். யாரோ வழியில் பார்த்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சம்பந்தி வீட்டில் காரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் எங்கள் வீடே முந்திக்கொண்டு வண்டியை அறுக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பொய் சொல்லியிருக்கிறது. பெண் வீட்டுக்காரன் பயம். அதற்குத்தான் நாம் நல்லது என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அத்தை கூடத்துக்குப் போனாள். பெரியப்பா படத்திலிருந்து அந்த மாலையைக் கழற்றினாள்.

"என்னடி பண்றே?" என்று பெரியம்மா பதறினாள்.

"மூச்சு முட்டும் அண்ணாவுக்கு" என்றாள்.

மாலையைத் தரையில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். அத்திம்பேர் கையலம்பக்கூட இல்லை, பாதி இலையில் எழுந்து அவளுக்கு முன்னால் ஓடினார். நான் பின்னாலேயே போனேன். அவர் தன் காரின் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பாயசம் ஒட்டிய கை.  கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

அத்தை நின்றாள். சீட்டைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்ததை நான் பார்த்தேன். இப்போது ஏறிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், பின்கதவைத் திறந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாழியாறது" என்றாள். "நீங்களே ஓட்டுங்கோ."